விரலிழந்த சிறுவர்களின் தாய் - மதர் ஜோன்ஸ்



மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக நாம் கொண்டாடுகிறோம். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் இந்த விழாவை ஏற்படுத்தினார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மே முதல் நாள்தான் தம் பிறந்தநாள் என்று சொல்லிவந்த ஓர் அம்மா அமெரிக்காவில் இருந்தார். பிறந்த ஆண்டு 1830 என்பார். ஆனால் அயர்லாந்து நாட்டின் கார்க் நகரப் பேராலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்தால், ரிச்சர்டு ஹாரிஸ், எலன் காட்டர் தம்பதியரின் மகள் மேரி, 1837ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள் திருமுழுக்குப் பெற்றிருக்கிறார். பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்று கேலி பேசுவோர் உண்டு. இவரோ ஏழு ஆண்டுகளைக் கூட்டிச் சொன்னார். வயதான தாயாக இருந்தால்தான் சுரங்கத் தொழிலாளர்களும் தம் பேச்சைக் கேட்பார்கள், காவலர்களும் கைவைக்கத் தயங்குவார்கள் என்று அவர் எண்ணியிருக்கலாம். பிறந்தநாளாக மே முதல் நாளைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், அது உலகத் தொழிலாளர் நாள் என்பதாக இருக்கலாம்.

இவரைத்தான் அமெரிக்கத் தொழிலாளர் மதர் ஜோன்ஸ், அதாவது ஜோன்ஸ் அம்மா என்று அழைத்தார்கள். இவருடைய நீண்ட வாழ்வு முழுவதையும் இங்கே எழுத இடம் போதாது. சுமை தூக்கியும், பாரம் தள்ளியும், கல் பொறுக்கியும் கைவிரல்களை இழந்தவர்களுக்காக இவர் செய்ததை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மேரியின் சிறுவயதில் அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போக, இலட்சக்கணக்கானோர் பசியால் இறந்தார்கள், இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ஹாரிஸ் குடும்பமும் கனடா நாட்டின் டொரண்டோ நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தைக்கு இரயில் பாதை அமைக்கும் வேலை கிடைத்தது. மேரி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தார், தையலும் கற்றுக்கொண்டார். அவருடைய தம்பி வில்லியம் குருவாகி, கனடாவில் பெயர்பெற்ற அருள்தந்தையாகவும் எழுத்தாளராகவும் விளங்கினார். பிற்காலத்தில் அக்காளுக்கும் தம்பிக்கும் இடையே அதிகம் போக்குவரத்து இருந்ததாகத் தெரியவில்லை. ஒருவர் ஆலயத்தில், மற்றவர் தெருவில். நம் குடும்பங்களிலும் இப்படி உண்டுதானே.

1859ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ என்னும் ஊரில், அருள்சகோதரிகள் நடத்திய பள்ளியில் மேரி ஆசிரியராகச் சேர்ந்தார். மாதம் 8 டாலர் சம்பளம். அந்த வேலையில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. சிக்காகோவில் சிலகாலம் தையல் வேலை செய்துவிட்டு, தெற்கே மெம்பிஸ் நகருக்கு மறுபடியும் ஆசிரியராகப் போனார். அங்கே 1861ஆம் ஆண்டு ஜார்ஜ் ஜோன்ஸ் என்பவரை மணந்தார்.

ஜார்ஜ் ஓர் இரும்பு வார்ப்படத் தொழிலாளி. உருக்கிய இரும்பைக் கரண்டி போன்ற பெரிய பாத்திரத்தில் ஏந்திச் சென்று மண் அச்சில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தடுமாறினாலும், அச்சில் ஈரம் இருந்தாலும், இரும்பு தெறித்துக் கையையும் காலையும் சுட்டுவிடும். வார்த்தெடுத்த கனமான இரும்புத் துண்டுகளைக் கையால்தான் புரட்ட வேண்டும். இப்படிப்பட்ட வேலையில் அடிபட்டால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்பதால், அத்தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஜார்ஜும் அதில் உறுப்பினர்.

1867ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. பணக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், போக வழியில்லாதவர்கள் இறந்தார்கள். மேரியின் நான்கு குழந்தைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். எல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகள். கணவரும் இறந்தார். அவரை அடக்கம் செய்தது சங்கம்தான். முப்பது வயதில் மேரி தனியானார். அதன்பின் அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை, அனுமதி பெற்று மற்ற நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போனார். பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் இந்தத் துயரத்தை அவர் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அதற்குமேல் எழுத அவருக்கு மனம் வரவில்லை போலும்.

மீண்டும் சிக்காகோ, மீண்டும் தையல். செல்வர்களின் மாளிகைகளில் அமர்ந்து ஆடை தைத்தபோது, ஏரிக்கரையில் குளிரில் நடுங்கிச் செல்லும் ஏழைகளைச் சன்னல் வழியாகப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1871ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த சிக்காகோ பெருந்தீயில் அவருடைய கடையும் சாம்பலானது. வீடிழந்த மற்றவர்களோடு புனித மரியா ஆலயத்தில் தங்கினார். அருகில் இருந்த ஒரு பழைய கட்டடத்தில் தொழிலாளர் சங்கம் ஒன்று கூடுவதைக் கண்டு, மாலை வேளைகளில் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் எங்கெங்கே இருந்தார் என்பதற்குச் சான்றுகள் குறைவு. 1890களின் இறுதியில் நாம் அவரைப் பார்க்கும்போது, கறுப்பு உடையும் கழுத்தில் பின்னல் பட்டியும் தலையில் தொப்பியுமாக, நரைத்த முடியோடு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தாயாகவே மாறியிருந்தார்.

அந்தச் சுரங்க ஊர்களைப்பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கில் கடினமான, பளபளப்பான ஒருவகை நிலக்கரி கிடைக்கிறது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் பலர் அயர்லாந்து, போலந்து, சுலோவாக்கியா, லித்துவேனியா, இத்தாலி போன்ற நாடுகளிலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கர். நிலத்தின் அடியில் பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, கட்டிகளைக் கையாலும் மண்வெட்டியாலும் வண்டியில் ஏற்றுவார்கள். நிரம்பிய வண்டி ஒன்று பல டன் எடை இருக்கும். அதைக் கோவேறு கழுதைகள் இழுக்கும். சரிவில் வண்டி ஓடும்போது வேகத்தைக் குறைக்க வேண்டுமே. அதற்குப் பையன்கள் இருந்தார்கள். ஓடும் வண்டியின் பக்கத்திலேயே ஓடி, சுழலும் சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே ஒரு மரக்கட்டையைச் செருக வேண்டும், அதுதான் வேலை. ஒரு நொடி பிந்தினால் கட்டையோடு விரலும் போய்விடும். இந்த வேலையில் விரல்களை, கையை, காலை இழந்த பையன்கள் பலர்.

மேலே வந்தால், நிலக்கரியை உடைத்துத் தரம் பிரிக்கும் உயரமான கட்டடம் ஒன்று நிற்கும். பிரேக்கர் என்று அதைச் சொல்வார்கள். உச்சியிலிருந்து உடைந்த நிலக்கரி சரிவான தடங்களில் ஓயாமல் கொட்டிக்கொண்டு வரும். தடத்தின் மேல் குறுக்கே போட்ட பலகைகளில் எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பையன்கள் வரிசையாகக் குனிந்து அமர்ந்திருப்பார்கள். பாய்ந்துவரும் நிலக்கரியில் கலந்திருக்கும் கல்லைத் தடவிப்பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். கையுறை போடக்கூடாது, ஏனென்றால் கையுறை போட்டால் விரலுக்குக் கல் எது, கரி எது என்று தெரியாதாம். கல்லின் விளிம்பு கத்தியைப்போல் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வாரங்களில் விரல்நுனிகள் வீங்கி, சிவந்து, வெடித்து இரத்தம் கசியும். இரவில் தாய்மார் வாத்துக் கொழுப்பைத் தடவிவிடுவார்கள். தோல் காய்த்து இறுகும்வரை இந்த வேதனைதான். இயந்திரப் பல்லிலும் ஓடும் பட்டையிலும் அகப்பட்டு விரல் போனவர்கள் உண்டு. தவறித் தடத்தில் விழுந்து, நிலக்கரிக்கடியில் மூச்சடைத்து இறந்த பிள்ளைகளும் உண்டு. தூசி மண்டிய அந்தக் கட்டடத்தில் அமர்ந்திருந்த பையன்களை, 1911ஆம் ஆண்டு லூயிஸ் ஹைன் என்பவர் எடுத்த நிழற்படங்களில் இன்றும் பார்க்கலாம்.

சட்டம் இல்லையா என்று நாம் கேட்கலாம். இருந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 வயதுக்குக் குறைந்தவர்களைப் பிரேக்கரில் சேர்க்கக்கூடாது. ஆனால் வயதுச் சான்றிதழில் தந்தை கையொப்பம் இட்டால் போதும், பிறப்புப் பதிவு எதையும் யாரும் கேட்கமாட்டார்கள். தந்தையின் கூலி வயிற்றுக்குப் போதாதபோது அவரும் கையொப்பம் இட்டார். இதில் பெற்றோரை மட்டும் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கையில் அடிபட்டபிறகு என்ன நடந்தது? அந்தக் காலத்து அமெரிக்க நீதிமன்றங்களில் முதலாளியின் பக்கம் மூன்று கேடயங்கள் இருந்தன. ஆபத்து உள்ள வேலை என்று தெரிந்தே சேர்ந்தாய், ஆகவே வரும் கேட்டையும் நீயே ஏற்றுக்கொண்டாய் என்பது முதலாவது. உன் சக தொழிலாளியின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்பது இரண்டாவது. உன் பக்கம் சிறிதளவு கவனக்குறைவு இருந்தாலும் உனக்கு ஒன்றும் கிடையாது என்பது மூன்றாவது. வண்டியைத் தட்டிவிட்டவன் இன்னொரு பையன், கட்டையைச் செருகியவன் ஒரு பையன், அது ஆபத்தான வேலை என்பது ஊருக்கே தெரியும். மூன்று கேடயங்களும் பொருந்திவிட்டன! வழக்குத் தொடர வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. தொடுத்த சிலருக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புதான். ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது, இங்கிலாந்தில் 1897ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளிக்கோ அப்படி எதுவும் இல்லை. இறந்தவனையும் அடிபட்டவனையும் ஏற்றிச்செல்லக் கறுப்பு வண்டி ஒன்று வைத்திருந்தார்கள். அது தெருவுக்குள் வந்தால் எந்த வீட்டின் முன் நிற்குமோ என்று பெண்கள் கதவருகில் வந்து நிற்பார்கள்.

உயிர் பிழைத்துக் கை முடமானவன் என்ன செய்வான்? மீண்டும் பிரேக்கருக்கே போவான். சிறுவனாக இருந்தபோது எந்தப் பலகையில் அமர்ந்தானோ அதே பலகையில், பேரப்பிள்ளை வயதுப் பையன்களோடு அமர்ந்து, பையன்களின் கூலிக்குக் கல் பொறுக்குவான். ஒரு சுரங்கத் தொழிலாளி வாழ்க்கையில் இருமுறை சிறுவனாகிறான் என்ற பொருளில் அந்த ஊர்களில் ஒரு பேச்சுவழக்கே இருந்தது. எஞ்சிய விரல்களுக்கு ஏற்ற வேலை என்று நிர்வாகம் அதை ஒரு சலுகையாகவே கருதியது. உழைப்பில் கை இழந்தவனுக்கு உரிமை என்று ஒன்று இருக்கிறது என்ற எண்ணமே அங்கு இல்லை. இருந்ததெல்லாம் இரக்கம், அதுவும் மேலாளரின் மனநிலையைப் பொறுத்தது.

இந்த மக்களிடையேதான் மதர் ஜோன்ஸ் போய்த் தங்கினார். வீடு என்று அவருக்கு ஒன்று இல்லை. எந்தத் தொழிலாளி இடம் கொடுத்தானோ அவன் வீட்டுத் தரையில் படுத்தார். 1899ஆம் ஆண்டு ஆர்னட் என்னும் சுரங்க ஊரில் வேலைநிறுத்தம் தளர்ந்தபோது, ஆண்களை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெண்களைத் துடைப்பத்தோடும் தகரச் சட்டிகளோடும் சுரங்க வாசலுக்கு அழைத்துப்போனார். அவர்கள் எழுப்பிய சத்தத்தில் கோவேறு கழுதைகள் மிரண்டு ஓடின, வேலைக்கு வந்த வெளியாட்களும் திரும்பிப்போனார்கள். 1900ஆம் ஆண்டிலும் 1902ஆம் ஆண்டிலும் நடந்த பெரிய வேலைநிறுத்தங்களில் அவர் ஊர் ஊராகச் சென்றார்.

1902ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் 1,40,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் பங்கேற்றார்கள். அக்டோபர்வரை அது நீடித்தது. குளிர்காலம் நெருங்கியதால் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டு ஒரு விசாரணைக்குழுவை அமைத்தார். அக்குழுவில் பியோரியா மறைமாவட்ட ஆயர் ஜான் லங்காஸ்டர் ஸ்பால்டிங் அவர்களும் ஓர் உறுப்பினர். தொழிலாளரில் மிகப் பலர் கத்தோலிக்கர் என்பதால் ஓர் ஆயர் இருப்பது நல்லது என்று எல்லாரும் கருதினார்கள். நூற்றுக்கணக்கான சாட்சிகளை ஆயரும் மற்றவர்களும் கேட்டார்கள். அவர்களில் 12 வயது பிரேக்கர் சிறுவன் ஒருவன். அவனுடைய தந்தை சுரங்கத்தில் இறந்துவிட்டார். ஒரு நாளைக்கு 40 சென்ட் கூலிக்கு வேலைசெய்த அவன் கையில் அதுவரை ஒரு காசுகூடக் கொடுக்கப்படவில்லை. குடும்பம் நிறுவனத்துக்குப் பட்டிருந்த கடனில் அத்தனையும் கழிக்கப்பட்டது. இழப்பீடு பெற வேண்டிய குடும்பம் கடனாளியாக நின்ற விந்தை இது! குழு 1903ஆம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. கூலி 10 விழுக்காடு உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. ஆனால் அடிபட்டவர்கள் பழைய சட்டத்தின் கீழேயே விடப்பட்டார்கள். குழுவிடம் போனதே தவறு, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பது மதர் ஜோன்சின் கருத்து. இதில் அவர் சொன்னது சரியா என்பது வரலாற்று ஆசிரியர்கள் பேசவேண்டியது. பட்டினியோடு குளிர்காலத்தைச் சந்திக்கவிருந்த குடும்பங்களை நினைத்தால், நாம் குழுவின் பக்கமே சாய்கிறோம்.

அதே 1903ஆம் ஆண்டுதான் அவர் வாழ்வின் மிகப் பெரிய நிகழ்ச்சி நடந்தது. பிலதெல்பியா நகரின் கென்சிங்டன் பகுதியில் நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய 75,000 பேர், அவர்களில் குறைந்தது 10,000 பேர் சிறுவர் சிறுமியர் என்று அவர் எழுதுகிறார். அவர்கள் கேட்டது வாரத்தில் 60 மணி நேர வேலையை 55 மணி நேரமாகக் குறைக்கவேண்டும் என்பதுதான். கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்றார்கள். மதர் ஜோன்ஸ் அங்கே போனபோது, சங்க அலுவலகத்துக்கு நாள்தோறும் வந்த பிள்ளைகளைக் கண்டார். சிலருக்குக் கட்டைவிரல் இல்லை, சிலருக்குக் கணு வரை விரல்கள் போயிருந்தன. எல்லாரும் கூனி, எலும்பும் தோலுமாக இருந்தார்கள். தென்மாநிலங்களின் பஞ்சாலைகளில் தாமே வேலைக்குச் சேர்ந்து பார்த்தவர் அவர். அறுந்த நூலை இணைக்க ஓடும் இயந்திரத்துக்குள் பிஞ்சுக் கைகள் நுழைவதை அங்கேயே பார்த்திருந்தார்.

செய்தித்தாள்களில் ஏன் இதுபற்றி ஒன்றும் வரவில்லை என்று செய்தியாளர்களிடம் கேட்டார். ஆலை முதலாளிகளுக்குச் செய்தித்தாள்களில் பங்கு உண்டு, அதனால் முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் தமக்கும் இந்தக் குழந்தைகளில் பங்கு உண்டு, தாமே விளம்பரம் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பிள்ளைகளை ஊர்வலமாக நகர மண்டபத்துக்கு அழைத்துச்சென்று, விரலிழந்தவர்களையும் கை நசுங்கியவர்களையும் மேடையில் ஏற்றினார். அந்தக் கைகளைக் கூட்டத்தின் முன் ஒவ்வொன்றாகத் தூக்கிப்பிடித்துக் காட்டினார். இந்த நகரத்தின் மாளிகைகள் இந்தப் பிள்ளைகளின் உடைந்த எலும்புகள்மேல் கட்டப்பட்டவை என்று முழங்கினார். மண்டபத்தின் சன்னல்களில் நின்று வேடிக்கை பார்த்த அதிகாரிகளுக்கும் தெரியும்படி பிள்ளைகளை உயரத் தூக்கினார். சன்னல்கள் விரைவாக மூடப்பட்டன என்று எழுதியிருக்கிறார்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஊனமுற்ற கையை மறைப்பதுதான் மனித வழக்கம். சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்கள், துணியால் சுற்றிக்கொள்வார்கள். தன் தவறால் போனது என்று ஒருவித வெட்கமும் இருக்கும். சட்டமும் அதைத்தானே சொன்னது. ஊரறியக் கையைத் தூக்கியதும், அந்த வெட்கம் யாருக்கு உரியதோ அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. குழந்தைகளைக் காட்சிப்பொருளாக்கினார் என்று அன்றே சிலர் குறைகூறினார்கள். அக்குறையில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் அதே குழந்தைகளை அதுவரை ஆலைக்குள் யாரும் பார்க்காததுபோல் இருந்தவர்கள் சொன்ன குறை அது.

அந்த நாள்களில் பிலதெல்பியாவின் புகழ்பெற்ற விடுதலை மணியை ஊர் ஊராக எடுத்துச்சென்று காட்டினார்கள். விரிசல் விழுந்த மணியைப் பார்க்க மக்கள் திரண்டதைக் கண்ட மதர் ஜோன்ஸ், பிள்ளைகளையும் ஊர் ஊராக அழைத்துச்செல்ல முடிவுசெய்தார். 1903ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், பெரியவர்களும் சிறுவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் நடக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் ஒரு பை, அதில் ஒரு தகரக் குவளை, ஒரு தட்டு, கத்தி, முள்கரண்டி. துணி துவைக்கும் தொட்டி ஒன்றில் சமையல். குழல், முரசு. கடும் வெயில், கொசுக்கடி. தாங்கமுடியாதவர்களை இடையிலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

பிரின்ஸ்டன் நகரில் முன்னாள் குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்டு அவர்களின் வீட்டுக் களஞ்சியக் கொட்டகையில் இரவு தங்கினார்கள். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த இடத்தில் அவர் பேசினார். பொருளாதாரப் பாடநூல் ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி, பத்து வயதுப் பையன் ஒருவனை முன்னே நிறுத்தினார். 75 பவுண்டு, அதாவது சுமார் 34 கிலோ எடையுள்ள நூல் கட்டுகளை நாள்தோறும் சுமந்து அவன் முதுகு கிழவனைப்போல் வளைந்திருந்தது. வாரக்கூலி 3 டாலர். நம் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு எடை இருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். தன் எடைக்கு நிகரான பாரத்தை அவன் தூக்கினான்.

ஜூலை இறுதியில் நியூயார்க் வந்தார்கள். கோனி ஐலண்டு என்னும் கடற்கரைக் கேளிக்கை இடத்தில், விலங்குகளை வைக்கும் வெற்றுக் கூண்டுகளில் பிள்ளைகளை அமரவைத்து அவர் பேசினார். கடைசியாக மூன்று சிறுவர்களோடு, ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில் கோடையில் தங்கியிருந்த ரூஸ்வெல்ட்டைக் காணப்போனார். அவர் சந்திக்க மறுத்துவிட்டார். மடல் எழுதியதற்கு, இது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது என்று பதில் வந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. பிள்ளைகள் ஆலைகளுக்கே திரும்பிப்போனார்கள்.

இதோடு கதை முடிந்ததாக அன்று பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் பார்த்ததை மக்கள் மறக்கவில்லை. 1903ஆம் ஆண்டிலேயே பிரேக்கர் வேலைக்கான வயது 14 ஆக உயர்ந்தது. குழந்தை உழைப்புக்கு எதிராக 1904ஆம் ஆண்டு நாடு தழுவிய குழு ஒன்று அமைந்தது. 1911ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாநிலமாக இழப்பீட்டுச் சட்டங்கள் நிலைபெறத் தொடங்கின. பென்சில்வேனியாவின் சட்டம் 1915ஆம் ஆண்டு நிறைவேறி, 1916ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, யார் தவறு என்று அடிபட்டவன் நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை. கையை இழந்தவனுக்கு இத்தனை வாரங்களுக்குப் பாதிக்கூலி என்று சட்டமே வரையறுத்தது. பாதிக்கூலி போதாதுதான். ஆனால் அது மேலாளரின் இரக்கத்தால் வருவதில்லை, உரிமையால் வருவது. மிசிசிப்பி மாநிலம் 1948ஆம் ஆண்டுதான் கடைசியாக இந்த வரிசையில் சேர்ந்தது. குழந்தை உழைப்பைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் 1916ஆம் ஆண்டு வந்து, 1918ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டு, 1938ஆம் ஆண்டுதான் மீண்டும் நிலையாக வந்தது. இவை எல்லாம் மதர் ஜோன்ஸ் ஒருவரால் ஆனவை அல்ல. ஆய்வு செய்தவர்கள், வழக்காடியவர்கள், சங்கம் வளர்த்தவர்கள் எனப் பலருடைய உழைப்பு இதில் உண்டு. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலும், வளராத பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பக்கூடாது என்றும், விபத்தில் வாடும் தொழிலாளிக்கு உதவ நிதி வேண்டும் என்றும் முன்பே எடுத்துரைத்திருந்தது. அதை வாசித்த பங்குத்தந்தையர் சிலர் சுரங்க ஊர்களில் தொழிலாளர் பக்கம் நின்றார்கள்.

எல்லாப் பங்குத்தந்தையரும் அப்படி நின்றார்கள் என்று சொல்ல முடியாது. முதலாளிக்குப் பணிந்துபோகச் சொன்ன குருக்களை மதர் ஜோன்ஸ் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அவருடைய பேச்சு மென்மையானதன்று, சில நேரங்களில் வரம்பு மீறியதும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை தேவையில்லை என்று வாதிட்டது நமக்கு இன்று வியப்பாக இருக்கிறது. தம் வாழ்க்கை வரலாற்றில் ஆண்டுகளையும் நாள்களையும் பல இடங்களில் மாற்றி எழுதியிருக்கிறார். அவரைப் புனிதராக்கிக் காட்டுவது நம் நோக்கம் அல்ல.

சிறைவாசம் பலமுறை. 1913ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் இராணுவ நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுத் தண்டனை விதித்தது. சில மாதங்களில் புதிய ஆளுநர் விடுவித்தார். 1914ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் நகரில், அருள்சகோதரிகள் நடத்திய சான் ரஃபேல் மருத்துவமனையிலேயே அவரைக் காவலில் வைத்தார்கள். ஏறக்குறைய ஒன்பது வாரங்கள், வாசலில் துப்பாக்கியோடு காவலர்கள். இளமையில் அருள்சகோதரிகளின் பள்ளியில் கற்பித்தவர், முதுமையில் அருள்சகோதரிகளின் மருத்துவமனையில் கைதியாக இருந்தார்.

1925ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1930ஆம் ஆண்டு மே முதல் நாள், மேரிலாந்து மாநிலத்தில் நண்பர்களின் பண்ணை வீட்டில் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். கணக்குப்படி அப்போது வயது 92தான். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இறந்தார். வாசிங்டன் நகரின் புனித கபிரியேல் ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. பின்னர் உடலை இரயிலில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் மவுண்ட் ஆலிவ் என்னும் சிற்றூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் திருப்பலி நடந்தது. அருள்தந்தை மகுவயர் என்பவர் மறையுரை ஆற்றினார்.

அவ்வூரில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. 1898ஆம் ஆண்டு விர்டன் என்னும் ஊரில் வேலைநிறுத்தத்தின்போது சுட்டுக்கொல்லப்பட்ட தொழிலாளருக்காகச் சங்கத்தார் வாங்கிய நிலம் அது. தம் பிள்ளைகள் என்று தாம் அழைத்த அவர்கள் அருகிலேயே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்று மதர் ஜோன்ஸ் முன்கூட்டியே கேட்டிருந்தார். 1936ஆம் ஆண்டு அக்டோபரில், சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்த காசில் எழுப்பிய கருங்கல் நினைவுத்தூண் அங்கே திறக்கப்பட்டது. தூணின் இருபுறமும் வெண்கலத்தில் இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள்.